மண்ணைக் காத்த துறவு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



துறவு என்பது உலகை விட்டு விலகுதல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். டோரத்தி ஸ்டாங் என்னும் கத்தோலிக்கக் கன்னியர் அவ்வாறு எண்ணவில்லை. அமெரிக்க நாட்டில் 1931இல் பிறந்த அவர், 1966இல் பிரேசிலுக்குச் சென்றார். பின்னர் அமேசான் காட்டில், பாரா மாநிலத்தின் அனாப்பூவில் ஏழை உழவரோடு வாழ்ந்தார்.

நிலக்கிழார்கள் அங்கே காட்டை எரித்து மாட்டுப் பண்ணைகள் அமைத்தனர். எளியவரின் குடிசைகளும் எரிந்தன. காட்டை அழிப்பதும் ஏழையை விரட்டுவதும் ஒரே கையின் வேலை என்று அவர் கண்டார். காட்டின் பெரும்பகுதியை வெட்டாமல், சிறு நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கும் குடியிருப்புகளுக்காக அரசிடம் ஓயாது முறையிட்டார். துறவியருக்கு இது தகுமா என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அம்முறையீட்டையே நான் அவருடைய செபமாகக் கருதுகிறேன்.

2005 பிப்ரவரி 12 காலை, காட்டுப் பாதையில் இருவர் அவரை மறித்தனர். ஆயுதம் உண்டா என்றதற்கு விவிலியத்தைக் காட்டினாராம். சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது 73.

ஏவிய நிலக்கிழாருள் ஒருவர் 2007இல் தண்டனை பெற்றார், 2008இல் விடுதலையானார், பின் மீண்டும் தண்டிக்கப்பட்டார். வெண்மணி வழக்கை அறிந்த நமக்கு இவ்விழுபறி புதிதன்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விடுத்த ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒருசேரக் கேட்கச் சொல்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்பே அனாப்பூவில் அது கேட்கப்பட்டுவிட்டது. அம்மண்ணிலேயே அவரை அடக்கம் செய்த மக்கள், புதைக்கவில்லை, நட்டோம் என்றனர்.