மூடியைத் திறந்தால் எண் இருக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு ஒதுக்கியிருப்பது பதினைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பற்றிப் பேச வந்தவனே நேரத்தை மீறினால் நல்லா இருக்காது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய கடிகாரங்களைப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. கொண்டு வருகிறவர்கள் "ஓடுமா?" என்று கேட்பதற்கு முன்பே, "இது எந்த வருஷத்து சாமான் சார்?" என்றுதான் கேட்கிறார்கள். விற்க நினைப்பவருக்கும் அந்தக் கேள்விதான், தாத்தா ஞாபகமாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும் அந்தக் கேள்விதான். பதில் பெரும்பாலும் உள்ளேயே எண்ணாகப் பொறித்திருக்கும். எந்த எண்ணைப் பார்ப்பது, அது எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பதில்தான் சிக்கல்.

முதலில் அமெரிக்க பாக்கெட் வாட்ச். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் மூன்றும் பெரிய பெயர்கள். எல்ஜின் கம்பெனி 1867-ல் விற்ற முதல் கடிகாரத்தின் எண் 101. அங்கிருந்து வரிசையாக ஏறிக்கொண்டே போனது. எந்த எண் எந்த ஆண்டு என்று அட்டவணைகள் அச்சிலேயே இருக்கின்றன. ஆகவே எண் தெரிந்தால் வருஷம் தெரியும். ஆனால் அந்த எண் மெஷின் மேல் இருக்கிற எண்ணாக இருக்க வேண்டும்! பின்மூடியின் உள்பக்கமும் ஓர் எண் இருக்கும். அது கேஸ் செய்தவன் போட்டது. அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில் மெஷினைத் தனியாக, கேஸைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்குவார்கள். இரண்டையும் செய்தவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள். கேஸ் எண்ணை எல்ஜின் அட்டவணையில் தேடினால் ஒரு வருஷம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது யாருக்கோ பிறந்த வருஷம்.

கேஸில் '20 ஆண்டு' என்று பொறித்திருப்பதைக் காட்டி ஒருவர் என்னிடம் கணக்குப் போட்டார். அது தங்கத் தகடு தேயாமல் இருக்கும் என்று கம்பெனி கொடுத்த உத்தரவாதம், வயசு இல்லை. அதே மாதிரி, பேட்டன்ட் தேதி என்று ஒன்று பொறித்திருந்தால் அது காப்புரிமை வாங்கிய நாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அதே தேதியைப் பொறித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மெஷின் எண்ணிலும் ஒரு நெளிவு உண்டு. எண்களை மொத்தமாக, ஒரு தொகுதிக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். முன்பு ஒதுக்கிய தொகுதி பின்னால் முடிவதும் உண்டு. கடை அலமாரியில் எத்தனை நாள் கிடந்ததோ, அது தனி. எனவே அட்டவணை 1905 என்றால், 'ஏறக்குறைய 1905' என்று சொல்லிப் பழகுங்கள்.

சுவர்க் கடிகாரக்காரர்கள் இன்னும் குறும்புக்காரர்கள். அமெரிக்காவின் சேத் தாமஸ் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெட்டியின் அடியிலோ முதுகிலோ மையால் முத்திரை குத்தியது. '8981 எச்' என்று இருக்கும். வரிசை எண் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பிப் படியுங்கள்: 1898. எச் எட்டாவது எழுத்து, ஆகவே ஆகஸ்ட். ஜெர்மனியின் யுங்கான்ஸ் வேறு வழி. மெஷின் தகட்டில் ஏ அல்லது பி, பக்கத்தில் இரண்டு இலக்கம். ஏ என்றால் ஆண்டின் முற்பாதி, பி என்றால் பிற்பாதி.

இந்த யுங்கான்ஸ் எழுத்து ஒரு குடும்ப வழக்கில் சாட்சி சொன்னதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நிலம், வீடு, பாத்திரம் எல்லாம் சுமுகமா முடிஞ்சுது. கூடத்துக் கடிகாரத்தில் வந்து நின்னுது. "பாட்டனார் 1899-ல் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கினது, மூத்த பிள்ளை வழிக்குத்தான் சேரும்" என்றார் அண்ணன். "தாத்தா தன் சம்பாத்தியத்தில் 1912-ல் வாங்கினது, எல்லாருக்கும் பொது" என்றார் தம்பி. என்னைக் கூப்பிட்டார்கள். டயலைக் கழற்றிப் பார்த்தால் 'பி 08'. அதாவது 1908-ன் பிற்பாதி.

தம்பி முகம் மலர்ந்தது. நான் அவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது: "1899 இல்லை என்பது நிச்சயம். 1912 என்று மட்டும் நான் சொல்லலை தம்பி. 1908-க்கு முன்னாடி இல்லை, அவ்வளவுதான் இந்த மெஷின் சொல்லுது." பெரியவர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. 1899-ல் கூடத்தில் வேறொரு கடிகாரம் தொங்கியிருக்கலாம், அல்லது பழைய பெட்டிக்குள் புது மெஷின் ஏறியிருக்கலாம். அதையெல்லாம் எண் சொல்லாது. எண்ணை வைத்து யாரையும் பொய்யர் ஆக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி.

மாணவர்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. உங்கள் அப்பாவோ மாமாவோ வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த சீகோ 5 வீட்டில் இருந்தால், பின்மூடியைப் பாருங்கள். ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 3 என்றால் 1973-ஆ, 1983-ஆ, 1993-ஆ? அதற்கு மெஷின் வகையைப் பார்க்க வேண்டும். 6309 என்று இருந்தால் 1983தான். அந்த வகை 1970-களின் நடுவில் தொடங்கி 1980-களின் கடைசியோடு நின்றுவிட்டது. டயலின் அடியில் பொடி எழுத்திலும் 6309 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடியோ டயலோ வேறு கடிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தது. சந்தையில் பளபளவென்று புது டயலோடு விற்கிற 'பழைய' வாட்சுகளில் இது சர்வ சாதாரணம்.

1891-ல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில், ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்தங்கியதால் இரண்டு ரயில்கள் மோதின. அதன் பிறகு ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களைச் சோதிக்கும் முறை கடுமையானது. சோதனைச் சீட்டில் கடிகாரத்தின் எண்ணையும் எழுதினார்கள். நீங்களும் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மெஷின் எண்ணைக் குறித்து வையுங்கள். முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். கொடுத்ததேதான் திரும்பி வந்ததா என்று சொல்ல அது ஒன்றுதான் வழி. பாலீஷ் போடுகிறேன் என்று எண்ணைத் தேய்க்க மட்டும் விடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாலு மணி வரை இருப்பேன். கடிகாரம் கொண்டுவந்தவர்கள் அங்கே வாங்க. அதற்குள் யாரும் பேனாக் கத்தியால் மூடியை நெம்ப வேண்டாம். திறக்கிற சாமான் என்னிடம் இருக்கிறது.