சுங்கை பட்டாணி தந்த கர்தினால்

மலேசியாவின் முதல் கர்தினால் நம் கெடா மண்ணில், சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பெயர் அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ்.

அவர் பிறந்தது 1932 ஏப்ரல் 22. ரப்பர் விலை அடிமட்டத்துக்கு இறங்கி, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. அவருக்கு ஒன்பது வயதானபோது, 1941 டிசம்பரில், சுங்கை பட்டாணி விமானத் தளத்தின்மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்து வந்த பஞ்சத்தையும் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்ததையும் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

சோட்டர் குருவானது 1966-ல், 34 வயதில். 1977-ல் கெடாவையும் உள்ளடக்கிய பினாங்கு மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமனம். 1983-ல் கோலாலம்பூர் பேராயர்.

1987 அக்டோபரில் வந்தது ஓப்பராசி லாலாங். நூற்றுக்கும் மேற்பட்டோர் இசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிப் பிடிபட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களோடு திருச்சபைப் பணியாளர்களும் உள்ளே போனார்கள். தி ஸ்டார் உட்பட மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனது. வாய் திறக்கவே பலர் தயங்கிய நேரத்தில் பேராயர் என்ன செய்தார் தெரியுமா? பேராலயத்தில் ஆயருக்கென்றே உள்ள இருக்கையில் உட்கார மறுத்தார். பூசைக்கு வந்த சனங்களின் கண்முன்னே அது காலியாகக் கிடந்தது. ஏன் காலி என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

பழைய ஐரோப்பாவில் கர்தினால்கள் நாடாண்டார்கள். 1624 முதல் பதினெட்டு ஆண்டுகள் பிரான்சின் முதன்மை அமைச்சராயிருந்தவர் கர்தினால் ரிஷலியூ. சோட்டருக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடைக்கவில்லை. 2003-ல் பேராயர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக்கியது 2016 நவம்பர் 19 அன்று. அப்போது வயது 84. எண்பதைத் தாண்டியவர் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாது. ஆகவே கர்தினாலுக்குரிய அந்தச் சிவப்புத் தொப்பி, அவர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிடைத்த மரியாதை மட்டுமே. அந்த மரியாதை வேறு யாருக்கும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது என்றே சொல்வேன்.

2020 அக்டோபர் 28 அன்று, 88 வயதில் அவர் காலமானார். மூன்றாண்டு கழித்து, 2023 செப்டம்பரில், மலேசியாவுக்கு இரண்டாவது கர்தினால் கிடைத்தார். அவர் பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ். சோட்டர் முதன்முதலில் ஆயராயிருந்த அதே மறைமாவட்டத்துக்காரர். 2025 மே மாதம் பதினான்காம் லியோவைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தபோது அவரும் வாக்களித்தார்.