வைகறையில் எழுதலின் பயன்
(புளியங்குடி விவசாயிகளிடையே நிகழ்த்திய பேச்சு)

உங்கள் ஊர் எலுமிச்சை 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெருமை ஊருக்குரியது, ஆயினும் அதன் லாபம் கைக்கு வருவது நீங்கள் காலைப்பொழுதை உபயோகிக்கும் விதத்தைப் பொறுத்ததாகும்.

விடியுமுன் எழுபவர் வெயில் ஏறுமுன் நீர் பாய்ச்சுகிறார். நீர் அதிகம் ஆவியாகாமல் வேரைச் சேர்கிறது. பழம் பறிப்பதிலோ அவசரம் ஆகாது. பனி ஈரத்துடன் பறித்தால் தோலிலுள்ள எண்ணெய் கசிந்து புள்ளி விழும். ஈரம் உலர்ந்தபின், உஷ்ணம் மிகுமுன் பறிப்பதே உத்தமம். அந்நேரம் சொற்பம், தாமதித்து எழுபவருக்கு அது கிட்டாது. உச்சிவெயிலில் பறித்த பழம் சீக்கிரம் வாடும். வாடிய பழத்துக்கு விலை குறையும். விலை குறைந்தால் கடன் ஏறும்.

கடன் கணக்குகளைப் பரிசோதிப்பது எனது உத்தியோகம். கூட்டுறவுச் சங்கம் குறைந்த வட்டிக்குப் பணம் கொடுக்கலாம். வீணாய்ப் போன காலையைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது.

ஆனால் தூக்கத்தைக் குறைத்து எழுதல் நன்மையன்று. வயது வந்தோருக்கு 7 மணி நேரத் தூக்கமாவது அவசியம். காலை 4½ மணிக்கு எழ விரும்புவோர் இரவு 9½ மணிக்குள் உறங்கிவிட வேண்டும். ஆகையால், இன்றிரவே விளக்கையும் கைப்பேசியையும் நேரத்தோடு அணைத்து, இந்நற்பழக்கத்தைத் தொடங்குவீர்களாக.