வரிசையில் நிற்காதவர்கள்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களே!

ஒரு டாக்டரைப் பிடித்துப்போனால் 'கைராசிக்காரர்' என்பார்கள் நம் ஜனங்கள். உங்களில் பலருக்கும் அந்தப் பெயர் கிடைக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. வந்து குணமானவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். வராமலே செத்துப்போனவர்களை யார் எழுதி வைப்பது?

எழுதி வைத்த ஒரு குடும்ப மருத்துவரை எனக்குத் தெரியும், படித்துத் தெரிந்துகொண்ட வகையில். ஜூலியன் டியூடர் ஹார்ட், 1927இல் லண்டனில் பிறந்தவர். அவர் தந்தையும் மருத்துவர். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்தார். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவிய ரிச்சர்ட் டாலிடம் வேலை பார்த்தார். லண்டனிலேயே பெரிய ஆளாகியிருக்கலாம். 1961இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் கிளின்கோருக். தென் வேல்ஸில், சுமார் 2,000 பேர் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்க கிராமம்.

அங்கே அவர் செய்தது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். 1968 முதல், ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார். இருமலுக்கு வந்தவருக்கும் பார்த்தார், குழந்தையைத் தூக்கி வந்த தாய்க்கும் பார்த்தார். வராதவர்களைத் தேடிப் போனார். பிரஷர் வலிக்காது; வலிக்காத நோய்க்கு யார் டாக்டரிடம் வருவார்கள்? பிரிட்டனில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்திருப்பதால் யார் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பட்டியல் அந்நாட்டு மருத்துவர்கள் எல்லோரிடமும் இருந்தது. அதைக் கடைசிப் பெயர்வரை படித்தவர்கள் குறைவு.

இறந்தவர்களையும் அவர் விடவில்லை. அடுத்தடுத்து நேர்ந்த 500 மரணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எதைத் தடுத்திருக்கலாம் என்று ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார். அதில் மருத்துவரின் தவறுகளுக்கென்றும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார். தன் நோயாளிகளின் சாவை இப்படி அச்சில் ஏற்றத் தனித் துணிச்சல் வேண்டும். 25 ஆண்டு உழைப்பின் பலன் 1991இல் அச்சானது: பக்கத்து ஊரைவிட கிளின்கோருக்கில் அகால மரணம் 28 சதவீதம் குறைவு. அதற்குப் புது மருந்து எதுவும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

1971இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை உங்கள் சமூக மருத்துவப் பாடத்தில் ஒரு வரியாக வந்திருக்கும். யாருக்கு மருத்துவம் மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கையில் விடும் இடத்தில் இந்த அநியாயம் முற்றுகிறது என்றார். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்றவர் வேறெப்படி எழுதுவார் என்று சிலர் ஒதுக்கினார்கள். அரசியலை ஒதுக்குங்கள், அந்த 28 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்பேன் நான்.

கிளின்கோருக்கில் அவர் கையில் இருந்ததுபோல் ஊரார் பெயர்ப் பட்டியல் நம் மருத்துவர்களிடம் கிடையாது. ஒரே காய்ச்சலுக்கு மூன்று கிளினிக் ஏறி இறங்குவோம். ஆனாலும் கர்ப்பிணிகளை ஒருவர் விடாமல் பதிவேட்டில் ஏற்றி, வராதவர் வீட்டுக் கதவைத் தட்டும் கிராம சுகாதாரச் செவிலியர் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேரும் அன்று, ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு அந்தச் செவிலியர் அக்காவிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் அவரோடு நீங்களும் கிளம்புங்கள். வண்டி போகாத தெருவாகத்தான் இருக்கும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.