ஈயம் இற்றால் கண்ணாடியை ஏன் எறிய வேண்டும்?



பழைய வீட்டின் வண்ணக் கண்ணாடி சன்னல்களைச் செப்பனிடுவது பயனுள்ள பணியா, பணக்காரப் பொழுதுபோக்கா என்பது இன்றைய பட்டிமன்றத்தின் கேள்வி. எதிரணித் தலைவர் மிக அழகாகப் பேசினார். “கலர் கண்ணாடி விரிசல் விட்டால் கழற்றிப் போடு, அலுமினியச் சட்டத்தில் இழுப்புச் சன்னல் வை, ஒரே நாளில் வேலை முடிந்தது” என்றார். கைத்தட்டலும் வாங்கினார். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. அந்தச் சன்னலில் உண்மையில் கெட்டுப்போனது எது?

வண்ணச் சன்னல் என்பது ஒரே கண்ணாடி அல்ல. பல நிறத் துண்டுகளை வடிவத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் பள்ளம் உள்ள ஈயப்பட்டிக்குள் செருகி, பட்டிகள் கூடும் இடமெல்லாம் பற்றவைத்துச் செய்தது. இந்த ஈயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறினால் கண்ணாடி விரிவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அது விரியும், இரவில் அதே கணக்கில் சுருங்கும். நம் திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் அந்த விரிதலும் சுருங்கலும் நடந்து நடந்து ஈயம் தளர்ந்துபோகிறது. பற்றவைத்த மூட்டுகளின் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறது. உள்ளே அடைத்த மக்கு உலர்ந்து பொடியாய் உதிர்கிறது. சன்னல் வயிறு தள்ளுகிறது, காற்றடித்தால் கடகடக்கிறது. பார்க்கிறவர் “கண்ணாடி போச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்.

கண்ணாடி போகவில்லை, நடுவர் அவர்களே! ஈயத்தின் ஆயுள் சுமாராக நூறு ஆண்டு. கண்ணாடியோ நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் பொருள். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் இன்றும் இருக்கின்றன. 1939இல் உலகப் போர் வந்தபோது அவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்த பிறகு திரும்ப மாட்டினார்கள். மஞ்சள் கயிறு நைந்தால் கயிற்றைத்தானே மாற்றுகிறோம்? தாலியை யாராவது பழைய சாமான்காரரிடம் எடை போட்டுக் கொடுப்பார்களா?

எதிரணிக்கு இது வெளியூர் வேடிக்கையாகத் தெரியலாம். மலைக்கோட்டைக்குக் கீழே தெப்பக்குளத்தைத் தாண்டிப் போய்ப் பார்க்கட்டும். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியை ஒட்டி, கூரிய கோபுரத்தோடு லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. அதன் வண்ணச் சன்னல்கள் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கல்லூரிப் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் மைசூர் அரண்மனை. 1897இல் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு, ஹென்றி இர்வின் வடிவமைத்துக் கட்டிய புது அரண்மனை 1912இல் முடிந்தது. அங்கே கல்யாண மண்டபத்தின் எண்கோணக் கூரையில் மயில் வரைந்த வண்ணக் கண்ணாடி இருக்கிறது. கிளாஸ்கோவில் வால்டர் மாக்ஃபார்லேன் பட்டறையில் செய்தது. அந்தக் கூரையைக் கழற்றிவிட்டு ஃபைபர் ஷீட் போட்டால் வெளிச்சம் இதே அளவு வரும், செலவும் குறையும். அப்படிச் செய்யலாம் என்று இங்கே ஒருவராவது கை தூக்குவீர்களா?

“அரண்மனைக்குச் சரி, கோயிலுக்குச் சரி, வீட்டுக்கு எதற்கு?” என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். அவருக்காகவே செட்டிநாட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கிறது எங்கள் அணி.

திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பிய வண்ணக் கண்ணாடியும் கப்பலேறி வந்த வீடுகள் அவை. இன்று பல வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிபடுகின்றன. இடித்த வீட்டுச் சாமான் எங்கே போகிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தூண், கதவு, நிலை, எனாமல் தட்டு, வண்ணக் கண்ணாடி எல்லாம் கடைக்குக் கடை அடுக்கியிருக்கும். சென்னையிலும் மும்பையிலும் புதிதாகக் கட்டுகிறவர்கள் அதை விலை பேசி லாரியில் ஏற்றுகிறார்கள். எதிரணி இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பயனற்ற பொருள் என்றால், அதை நம்மிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போய் எவர் வீட்டிலோ மாட்டிக்கொள்கிறவர் என்ன விவரம் தெரியாதவரா?

இதே செட்டிநாட்டில் மறுபக்கமும் நடந்திருக்கிறது. கொத்தமங்கலத்தில் நூறாண்டைத் தாண்டிய சாரதா விலாஸ் வீட்டைப் பிரான்சிலிருந்து வந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள் மரபு முறையில் சீரமைத்துத் தங்கும் விடுதியாக நடத்தினார்கள். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கானாடுகாத்தானில் விசாலம் என்று வேறு வீடுகளும் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின. விடுதிக்கு வருகிறவர் அலுமினிய சன்னலைப் பார்க்கவா அறை வாடகை கொடுக்கிறார்?

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். “செப்பனிடுவது” என்று பேசுகிற பலருக்கு அங்கே என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை. எங்கள் அணியிலும் சிலருக்குத் தெரியாது, அது வேறு கதை.

முதலில் சன்னலை இருந்தபடியே புகைப்படம் எடுப்பார்கள். பலகத்தைக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்து, மெல்லிய தாளை விரித்து, கரிக்கட்டியால் தேய்த்து ஈயக் கோடுகளின் அச்சை எடுப்பார்கள். தாளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். பிறகு பழைய ஈயத்தை வெட்டிப் பிரித்து, துண்டுகளை அந்தத் தாளின் மேலேயே அதனதன் இடத்தில் வைப்பார்கள். சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் பஞ்சும் போதும். சோப்புத் தூளும் அமிலமும் கம்பிப் பிரஷும் அந்தப் பக்கமே வரக்கூடாது. விரிசல் விட்ட துண்டை நிறமற்ற பசையாலோ மெல்லிய செம்புத் தகடாலோ இணைப்பார்கள். காணாமல் போன துண்டுக்கு மட்டும் புதுக் கண்ணாடி, அதன் ஓரத்தில் மாற்றிய ஆண்டையும் கீறிவிடுவார்கள், பின்னால் வருகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக. கடைசியில் புது ஈயம், புதுப் பற்றவைப்பு, சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த மக்கு. அடுத்த நூறாண்டுக்குக் கவலையில்லை.

அமிலம் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடைத்தால் அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே நிறமே இருக்காது. நிறமற்ற கண்ணாடியின் மேல் சிவப்பு ஒரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும், ஏனென்றால் முழுத் தடிமனும் சிவப்பாக வார்த்தால் கறுப்பாகவே தெரியும். அந்தத் தோலைத் தேய்த்துவிட்டால் நிறம் போயே போச்சு. முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் கண்ணாடியின் மேல் வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்டவை. இங்கிலாந்தில் 1860, 70களில் வண்ணத்தோடு வெண்காரம் கலந்த சன்னல்களில் ஈரம் பட்டு முகங்களே கரைந்து போயின. வேலை தெரியாதவர் துடைத்தால் ஒரு மதியத்திலேயே அது நடந்துவிடும். ஆகவே “நம்ம கொத்தனாரே பார்த்துக்குவார்” என்ற பேச்சுக்கு எங்கள் அணியும் எதிரிதான்.

“ஆள் எங்கே?” இதுதான் எதிரணியின் பலமான வாதம், அதை மழுப்பப் போவதில்லை. ஆள் குறைவு. ஆனால் இந்தியாவில் இல்லாமல் இல்லை. பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயார் பெயரில் பணம் கொடுத்துக் கட்டி 1878இல் முடிந்தது மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கடிகாரக் கோபுரம். அந்தக் கோபுரமும் அதை ஒட்டிய நூலகமும் 2013 முதல் 2015 வரை சீரமைக்கப்பட்டன. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் பணம் தந்தது. வண்ணக் கண்ணாடிகளைக் கவனித்தவர் மும்பையின் சுவாதி சந்த்காட்கர். 2018இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுப் பட்டியலில் அந்தப் பணி இடம்பெற்றது. இதெல்லாம் நம் நாட்டுக் கைகளால் நடந்தது.

திருச்சிக்கு வருவோம். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பேர் வாங்கிய ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத கோணத்தைக் கையால் பிடித்த தொழிலாளர்கள் வேலை குறைந்து வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்குக் கண்ணாடி வெட்டவும் ஈயம் பற்றவைக்கவும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பாடம் வைத்தால், செட்டிநாட்டு வீடுகளும் காவிரிக்கரைப் பழைய வீடுகளும் மும்பையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

“வண்ணக் கண்ணாடி வைத்தால் காற்று வராது, வெக்கை” என்ற வாதத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பெரும்பாலான பழைய வீடுகளில் வண்ணக் கண்ணாடி நிலைக்கு மேலே இருக்கிறது, காற்றுக்குக் கீழே கதவு இருக்கிறது. காற்று வரவில்லை என்றால் கதவைத் திறக்க வேண்டும், கண்ணாடியைக் குறை சொல்லக் கூடாது.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். முக்கால்வாசி நொறுங்கிப் போன சன்னலை “பழையது மாதிரியே” புதிதாகச் செய்து வைத்துப் பழமை என்று பெருமை பேசுவதை எங்கள் அணி ஆதரிக்கவில்லை. அங்கே நல்ல புதுச் சன்னல் வைப்பதே நேர்மை. எங்கள் வழக்கு, உயிரோடு இருக்கும் கண்ணாடிக்காக மட்டும். பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் நடந்த சண்டையும் இதுவே. 2019 ஏப்ரல் தீயில் தப்பிப் பிழைத்த 19ஆம் நூற்றாண்டுச் சன்னல்களில் ஆறை எடுத்துவிட்டு நவீன ஓவியரின் கண்ணாடி வைப்போம் என்றார் அதிபர் மக்ரோன். உடையாததை ஏன் கழற்ற வேண்டும் என்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்நாட்டு மரபுச் சின்ன ஆணையமும் 2024இல் எதிர்த்தது. கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் புதுமைக்கு விரோதிகளா?

இந்த மேடை இருக்கும் ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கன் கோயிலுக்கு 2017இல் யுனெஸ்கோ பாதுகாப்பு விருது கிடைத்ததே, எதற்காக? பிற்காலத்தில் சேர்ந்துவிட்ட தேவையற்றவற்றை நீக்கி, பழைய கட்டுமானத்தை மரபு முறையில் சீராக்கி, மழைநீர் வடிகால்களை மீட்டெடுத்ததற்காக. 1987இல் ராஜகோபுரத்தைக் கட்டி முடித்ததும் இதே ஊர்தான். புதிதாகக் கட்டவும் தெரிந்த ஊர், பழையதைப் பேணவும் தெரிந்த ஊர். ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு “பழசைக் கழற்றிப் போடு” என்று பேசத் துணிந்த எதிரணியின் தைரியத்தைத் தனியாகப் பாராட்டலாம்.

நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது. அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒரே ஒரு கோரிக்கை. அவர்கள் புகழும் அந்த அலுமினிய இழுப்புச் சன்னலுக்குக் கடைக்காரர் எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் உத்தரவாதம் தருகிறார் என்பதை இந்தச் சபையில் சொல்லிவிட்டு, பிறகு தன் வாதத்தைத் தொடங்கட்டும்.