எதிரொலி எந்த எழுத்தில்?

(அச்சரப்பாக்கத்தில் கூடிய தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



இவ்வூரின் பழம்பெயர் அச்சிறுபாக்கம். ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர் இது. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட தேரின் அச்சு இவ்விடத்தே இற்றது என்பது ஊர்ப்பெயர்க்குச் சொல்லப்படும் கதை. கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. அதனுள் ஓர் உண்மை உண்டு. தேர் எத்துணைப் பெரிதாயினும், கண்ணுக்குத் தெரியாத அச்சு இற்றால் அது நகராது. தொலைக்காட்சி, இணையம் என்னும் இருபெருந் தேர்களில் இன்று தமிழ்மக்கள் ஊர்கின்றனர். அவற்றின் அச்சு எந்நிலையில் உள்ளது என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் தொடங்கிற்று. அந்நிலையம் 'எதிரொலி' என்றொரு நிகழ்ச்சியை நடத்தியது. காண்போர் மடல் எழுதுவர். நிலையத்தார் அதனைப் படித்து விடையிறுப்பர். மறுமொழி வரக் கிழமைகள் பல ஆயின. ஆயினும் நிகழ்ச்சியின் பெயர் தமிழ். சிற்றூர் உழவனும் ஆசிரியனும் எழுதிய எழுத்தும் தமிழ்.

இன்று அவ்வெதிரொலி நொடிப்பொழுதில் எழுகின்றது. முகநூல், வலையொளி, படவரி, கீச்சகம் ஆகிய குமுக ஊடகங்கள் அதற்கு வாயில்கள். கீச்சகம் எனப்பெற்ற துவிட்டர் 2023இல் எக்சு எனப் பெயர் மாறியது. ஒரே பொருள்பற்றி எழுதுவார் யாவரும் இடும் ஒரே அடையாளத்தைக் கொத்துக்குறி என்பர். அதனைத் தாங்கிய எழுத்துகள் குறுகிய காலத்தில் மிகப் பெருகுமாயின், அப்பொருள் ஊடகத்தின் முகப்பில் ஏறும்; ஏறியதைக் கண்டு மேலும் பலர் எழுதுவர். தொலைக்காட்சியாரும் நடிகரும் நாடுவது இப்பெருக்கத்தையே.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2017ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் விசய் தொலைக்காட்சியில் 'பிக்பாசு' தமிழ் நிகழ்ச்சி தொடங்கிற்று. நெறியாளர் நடிகர் கமலகாசன். வீட்டினுள் இருப்பார்க்குக் கைப்பேசி இல்லை, செய்தித்தாள் இல்லை. வெளியே இருப்பார்க்கோ அவரைப் பற்றி எழுதுவதன்றி வேறு வேலை இல்லை என்னுமாறு இணையம் கொதித்தது. நடிகை ஓவியாவின் பெயரால் 'ஓவியா ஆர்மி' என ஒரு படையே கீச்சகத்தில் எழுந்தது. அவர் ஆகத்துத் திங்களில் வீட்டை நீங்கிய பின்னும் அக்கொந்தளிப்பு அடங்கிலது. கூகுள் தேடுபொறி வழியே ஒப்போலை இட்டனர். ஒருவர் ஒருநாளில் பன்முறை இட முடிந்தது. நாட்டுத் தேர்தலில் ஒருவர்க்கு ஒன்று. அவ்வீட்டுத் தேர்தலில் ஒருவர்க்குப் பல!

அதே ஆண்டு சனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காக மெரீனாவில் திரண்ட இளைஞரைக் கூட்டியதும் இவ்விணையமே. அங்கு முழக்கமிட்டு இணையத்தால் அறியப்பட்ட செவிலியர் ஒருவர், ஐந்து திங்களில் பிக்பாசு வீட்டினுள் போட்டியாளராகப் புகுந்தார். அவரைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. போராட்டக் களத்தின் குரலையும் காட்சிப்பொருளாக்கி விற்கவல்லது இவ்வணிகம் என்பதே கருதத்தக்கது.

நடிகர் திறத்தை நோக்குக. கமலகாசன் 2017இல் கீச்சகத்தின் வழியே ஊழலைக் கடிந்து எழுதினார். கிழமையிறுதிதோறும் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018 பிப்பிரவரி 21ஆம் நாள் மதுரையில் கட்சி தொடங்கினார். இணையம் ஒரு படி, தொலைக்காட்சி மறுபடி, அரசியல் மேல்மாடி. முன்னாளில் திரைப்படமும் மேடையும் செய்த பணியை இன்று இவ்விரண்டும் செய்கின்றன. ஏழு பருவங்கள் நடத்திய அவர் 2024இல் விலக, விசய் சேதுபதி நெறியாளரானார். ஆள் மாறினார், நிகழ்ச்சியின் பெயர் மாறவில்லை. பிக்பாசு, சூப்பர் சிங்கர், குக்வித்து கோமாளி! மூன்றாவதில் கோமாளி ஒருவனே தமிழனாய் நிற்கின்றான்.

2006இல் தமிழக அரசு, தமிழ்ப்பெயர் தாங்கிய திரைப்படங்கட்குக் கேளிக்கை வரி விலக்களித்தது. அதன்பின் படப்பெயர்கள் பல தமிழுக்குத் திரும்பின. சின்னத்திரைக்கு அத்தகைய தூண்டல் எதுவும் இல்லை.

பெயரினும் கொடிது எழுத்தின் கேடு. வடசொல் தமிழில் புகுங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் புகுக என வரம்பு கட்டினார் தொல்காப்பியர். இன்றோ தமிழ்ச்சொல்லே தன் எழுத்தைக் களைந்து, ஆங்கில எழுத்தில் இணையத்துட் புகுகின்றது! 'நல்லா இருக்கு' என்பதையும் ஆங்கில எழுத்திலேயே தட்டுகின்றான் இளைஞன். அவ்வெழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு ஏது? ணகர, நகர, னகர வேறுபாடு ஏது? வேறுபாடு கண்ணினின்று மறைந்தால், பின்னர் நாவினின்றும் மறையும்.

'கருவியில் இடமில்லை' எனச் சாக்குச் சொல்லுதற்கும் வழியில்லை. கைப்பேசியில் தமிழ்த் தட்டெழுத்து உண்டு; கொத்துக்குறியும் தமிழெழுத்தில் இயலும். 2019 சூனில் கல்விக்கொள்கை வரைவு இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தபோது, இணையம் கொதித்தெழுந்தது. சூன் 3ஆம் நாள் அப்பகுதி திருத்தப்பெற்றது. அதனை வரவேற்று இசையமைப்பாளர் இரகுமான் கீச்சகத்தில் தமிழெழுத்திலேயே எழுதினார். உலகறிந்த கலைஞர்க்கு அதனால் ஒரு குறையும் வந்திலது. அவர்க்கு இயன்றது பிறர்க்கு இயலாதா?

ஆதலின் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இளைஞர் எந்நடிகரைப் போற்றினும் தமிழெழுத்தால் போற்றுக. தூற்றினும் தமிழெழுத்தால் தூற்றுக. இரண்டாவது, தொலைக்காட்சி நிறுவனங்களின் பக்கங்களில், தமிழ்ப்பெயர் வேண்டும் என ஒவ்வொரு நாளும் எழுதுக. மக்களின் எழுத்துப் பெருக்கமே அவர்க்கு வருவாய். ஆகலின் அக்குரலை அவர் புறந்தள்ளல் அரிது. மூன்றாவது, ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்குமுன், அதில் தமிழ்த் தட்டெழுத்தை அமைத்துக் கற்பிக்க.

தொலைக்காட்சியை வெறுக்க வேண்டுவதில்லை. இணையத்தை அஞ்ச வேண்டுவதும் இல்லை. தேர் ஓடட்டும். அதன் அச்சு தமிழாக இருக்கட்டும். அச்சு இற்ற கதை இவ்வூர்ப்பெயரில் ஒன்றே போதும். இனத்தின் கதையாக அது மீண்டும் நேர வேண்டா!

வாழ்க தமிழ்! வெல்க தமிழெழுத்து!