மதுவும் மனத்துயரும்



இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதனை நாள் தவறாது உட்கொள்வோர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர்.

இந்நலத்தைக் குலைப்பது மது. போதையில் மருந்து மறந்துபோகிறது; மருந்து தவறத் தவறக் கிருமி அதற்கு அடங்காத வன்மை பெறுகிறது; கல்லீரலும் கெடுகிறது. ஆயினும் இவர்களுட் பலர் களிப்பிற்காகக் குடிப்பதில்லை. ஊரார் அறிந்துவிடுவரோ என்னும் அச்சமும் உறக்கமின்மையும் தனிமையும் அவர்களை மதுவிடம் செலுத்துகின்றன. மதுவோ அத்துயரைப் பெருக்குகிறது. ஆதலின் பழித்துரைத்தல் மருந்தாகாது. அச்சத்தை வளர்த்து மீண்டும் குடியிலேயே சேர்க்கும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள அரசு நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இரகசியம் காத்து அளிக்கப்படுகின்றன. ஒருவரது நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மனம் சோர்ந்தோர் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம். மருத்துவர் துணையுடன் படிப்படியாக விடுவதே முறை. அதுவரையிலும் கூட்டு மருந்தை ஒருநாளும் நிறுத்தலாகாது.

கள்ளை விலக்குதல் சமண இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட அடிப்படை ஒழுக்கம். அவ்வொழுக்கம் காக்கும் குடும்பத்தார், குடியில் சிக்கிய நோயாளரை விலக்கிவிடாது மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். உயிர்க்கு இரங்குதலும் அவ்வறமே.